பரங்கிமலையில் விரித்த சங்கிலி
(வில்லியம் லாம்டன் – வாழ்க்கை வரலாறு)



ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டார். காந்தியடிகள், காமராஜர், அப்துல் கலாம் பற்றி எழுத என்னைவிட நன்றாக எழுதும் நண்பர்கள் நம் கல்லூரியில் நிறைய பேர் இருக்கிறார்கள். நான் சிவில் மாணவன். அதனால் நம் பாடப்புத்தகத்தில் மூன்று எழுத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒரு மனிதரைப் பற்றி எழுதலாம் என்று முடிவு செய்தேன்.

சிவில் நண்பர்களுக்கு அந்த மூன்று எழுத்து நன்றாகத் தெரியும். பெஞ்ச் மார்க் எத்தனை வகைப்படும் என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லுவோம். ஜி.டி.எஸ். பெஞ்ச் மார்க், நிரந்தர பெஞ்ச் மார்க், தற்காலிக பெஞ்ச் மார்க், ஆர்பிட்ரரி பெஞ்ச் மார்க். எழுதி முடித்து மார்க்கை வாங்கிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். அந்த ஜி.டி.எஸ். என்பது கிரேட் டிரிக்னாமெட்ரிகல் சர்வே என்பதன் சுருக்கம். அதாவது இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த மாபெரும் அளவைப் பணி. அது தொடங்கிய இடம் லண்டனும் இல்லை, கல்கத்தாவும் இல்லை. நம்ம சென்னை! தொடங்கிய ஆண்டு 1802. தொடங்கியவர் வில்லியம் லாம்டன்.

கோல்ஃப் பந்தும் தெருத் தண்ணீரும்

இரு நூறு ஆண்டுக்கு முந்தைய சர்வேயைப் பற்றி இப்போது எதற்கு என்று மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் நண்பர்கள் கேட்கலாம். ஒரு விளையாட்டிலிருந்தே சொல்கிறேன்.

கம்ப்யூட்டரில் கோல்ஃப் விளையாட்டு பார்த்திருப்பீர்கள். திருவொற்றியூர், இராயபுரம் பக்கம் நிஜ கோல்ஃப் ஆடியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. நமக்குத் தெரிந்ததெல்லாம் கேரம், கிரிக்கெட், கபடி, கடற்கரையில் கால்பந்து. ஆனால் அந்த கம்ப்யூட்டர் மைதானங்களை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற பழைய மைதானம் இருக்கிறது. அதைப் போன்ற நிஜ மைதானங்களைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டு வரும்போது மேடு பள்ளத்தைக் கற்பனையாக வரைவதில்லை. விமானத்திலிருந்து லேசர் ஒளியை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து உயரத்தைக் கணக்கிடுகிறார்கள். லிடார் என்று பெயர். அப்படிக் கிடைக்கும் லட்சக்கணக்கான உயர எண்களை ஒரு கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றுவார்கள். கறுப்பு என்றால் பள்ளம், வெள்ளை என்றால் மேடு. அந்தப் படத்தைக் கம்ப்யூட்டர் இழுத்து நிமிர்த்தி நிலமாக ஆக்கிவிடும். அதன் மேல் புல், மணல், மரம் எல்லாம் வைத்துவிட்டால் மைதானம் தயார்.

இதில் உயிர் நாடி உயரம்தான். குழி இருக்கும் புல்தரையில் ஒரு சின்ன சரிவு தவறாக இருந்தால்கூட பந்து வேறு பக்கம் உருண்டுவிடும். ஆடத் தெரிந்தவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

இப்போது நம்ம ஏரியாவுக்கு வாருங்கள். பந்து உருளுகிற அதே விதிப்படிதான் தண்ணீரும் ஓடுகிறது. எங்கள் தெரு ஓரமாக ஒரு கால்வாய் கட்டினார்கள். கட்டி முடித்த பிறகு பார்த்தால் தெருவைவிடக் கால்வாயின் வாய் உயரம். மழை பெய்தால் தெருத் தண்ணீர் கால்வாய்க்குப் போகாமல், கால்வாய்த் தண்ணீர் தெருவுக்கு வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னை பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். எண்ணூர் கழிமுகத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்து மீனவர் வலையையும் படகையும் கறுப்பாக்கியது. அன்றைக்கு எங்கள் தெருவில் முதல் படிக்கட்டு முழுகிய வீட்டுக்கும் முழுகாத வீட்டுக்கும் இருந்த வித்தியாசம் ஒரு சாண்தான். கோல்ஃபில் உயரம் தப்பினால் ஒரு ஆட்டம் போகும். நம்ம பக்கம் உயரம் தப்பினால் அரிசி மூட்டையும் பாடப்புத்தகமும் போகும்.

அதனால்தான் நம் நாட்டில் உயரத்தையும் தூரத்தையும் நம்பகமாக அளக்கத் தொடங்கிய மனிதரின் கதை நமக்கு வேண்டும் என்கிறேன்.

ஏழைப் பையன்

லாம்டன் இங்கிலாந்தின் வடக்குப் பகுதியில், யார்க்‌ஷயர் மாவட்டத்தில் நார்தாலர்ட்டன் ஊருக்கு அருகே பிறந்தார். பிறந்த ஆண்டைச் சிலர் 1753 என்றும் சிலர் 1756 என்றும் எழுதுகிறார்கள். பிறந்த தேதியை யாரும் பெரிதாகக் குறித்து வைக்காத எளிய குடும்பம். (எங்கள் தாத்தாவுக்கும் பிறந்த தேதி கிடையாது. பெரிய புயல் அடித்த வருஷம் என்றுதான் சொல்லுவார்.) படிப்பில், குறிப்பாகக் கணக்கில், பையன் கெட்டிக்காரன் என்று தெரிந்ததால் உதவி கிடைத்து நார்தாலர்ட்டனில் உள்ள பெரிய பள்ளியில் படித்தார். கணக்குதான் அவருக்கு ஏணி.

1781-ல் படையில் மிகக் கீழ்நிலை அதிகாரியாகச் சேர்ந்தார். வட அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். போர் முடிந்ததும் கனடாப் பக்கம் புதிதாகக் குடியேறியவர்களுக்கு நிலம் அளந்து கொடுக்கும் வேலை. பிறகு படைவீரர் குடியிருப்புகளைக் கவனிக்கும் உத்தியோகம். பத்து வருஷத்துக்கு மேல் அங்கேயே காலம் போனது. பதவி உயர்வு இல்லை, பேர் இல்லை. ஒரு சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்ததில் ஒரு கண்ணின் பார்வையும் கெட்டுப் போனது. வேறொருவராக இருந்தால் மனம் உடைந்து போயிருப்பார். இவர் அந்தக் காலத்தை எல்லாம் புத்தகத்தில் செலவழித்தார். பூமியின் வடிவம் என்ன, ஒரு பாகை அட்சரேகை எத்தனை மைல் என்று அன்றைய ஐரோப்பிய அறிஞர்கள் எழுதியவற்றைத் தானாகவே படித்துத் தேர்ந்தார்.

இந்தியாவுக்கு வருகை

அவருடைய 33-ஆம் படைப்பிரிவு 1790-களின் இறுதியில் இந்தியாவுக்கு வந்தது. அதன் தலைவர் ஆர்தர் வெல்லஸ்லி. பின்னாளில் நெப்போலியனை வாட்டர்லூவில் தோற்கடித்த அதே வெலிங்டன் பிரபு. லாம்டன் கல்கத்தா வழியாகச் சென்னைக்கு வந்தார். 1799-ல் திப்பு சுல்தானுக்கு எதிரான ஸ்ரீரங்கப்பட்டணப் போருக்குப் போனார்.

அந்தப் போரில் ஒரு சம்பவம். இருட்டில் ஒரு படை நடந்து போய்க்கொண்டிருந்தது. வடக்கே போகிறோம் என்று எல்லோரும் நினைத்திருக்க, லாம்டன் வானத்து நட்சத்திரங்களைப் பார்த்துவிட்டுத் தெற்கே போகிறோம், நேராகத் திப்புவின் படையிடம் போய் மாட்டப் போகிறோம் என்று தளபதியிடம் சொன்னார். திசைகாட்டியை எடுத்துப் பார்த்தபோது அவர் சொன்னதுதான் சரி. நட்சத்திரம் பார்க்கத் தெரிந்ததால் ஒரு படையே தப்பியது.

போர் முடிந்ததும் தன் மனதில் பல வருஷமாக இருந்த திட்டத்தை அவர் மேலிடத்தில் வைத்தார். சென்னைக் கடற்கரையிலிருந்து மேற்கே மங்களூர்க் கரை வரைக்கும் முக்கோணங்களாக அளக்க வேண்டும், பிறகு தெற்கும் வடக்குமாக ஒரு நீண்ட கோட்டை அளந்து பூமியின் வடிவத்தையே கணக்கிட வேண்டும் என்பது திட்டம். சென்னை கவர்னராக இருந்த இரண்டாம் கிளைவ் பிரபு சம்மதித்தார். எதிர்ப்பும் இருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போக வேண்டுமானால் பல்லக்குத் தூக்குகிறவர்களிடம் சொன்னால் போதுமே, அதற்கு எதற்கு இவ்வளவு செலவு என்று ஒருவர் கேட்டதாக ஒரு கதை உண்டு. என் அப்பாவும் இப்படித்தான். ஹார்பரில் மூட்டை தூக்கியவர். உலகத்தை அளந்து என்னடா ஆகப் போகுது என்று கேட்பார். தெருக் கால்வாய் கதையைச் சொன்னதற்குப் பிறகு கேட்பதில்லை.

கருவி வந்த கதை

வேலைக்குக் கருவி வேண்டுமே! அந்தக் கதை ஒரு சினிமாவே எடுக்கலாம்.

நூறு அடி நீள எஃகுச் சங்கிலி ஒன்று. சீனப் பேரரசருக்குப் பரிசாக 1793-ல் பிரிட்டிஷ் தூதுக்குழு கொண்டு போன பொருள்களில் ஒன்று அது. அங்கே தங்காமல் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்திருந்தது. அதை லாம்டனுக்காக வாங்கினார்கள். அடுத்தது பெரிய தியோடலைட். நாம் லேபில் ஒரு கையால் தூக்கி டிரைபாடில் வைக்கிற தியோடலைட் இல்லை. லண்டனில் கேரி என்பவர் செய்தது. கோணம் பார்க்கும் வட்டத்தின் குறுக்களவு மட்டும் 36 அங்குலம். மொத்த எடை சுமார் அரை டன்! அது வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் நடுக்கடலில் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டு போய்விட்டார்கள். பெட்டியைத் திறந்து பார்த்து, இது அறிவியலுக்கான கருவி என்று தெரிந்ததும், பிரெஞ்சு கவர்னர் அதை மரியாதையோடு சென்னைக்கே அனுப்பி வைத்தார். போர் நடக்கும்போதே எதிரிக்கு எதிரி செய்த இந்தப் பெருந்தன்மையை நினைத்தால் மனசுக்கு இதமாக இருக்கிறது.

தியோடலைட் வரும் வரை லாம்டன் சும்மா இருக்கவில்லை. சங்கிலி வேலையை முடித்து வைத்தார்.

பரங்கிமலையில் நாற்பது நாள்

1802 ஏப்ரல் 10. சென்னையில் அது எப்படிப்பட்ட வெயில் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் பக்கத்துக் குன்றுக்கும் இடையில் உள்ள சமவெளியில் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். பேஸ்லைன் என்று படிக்கிறோமே, அதுதான். மே 22-ல் முடிந்தது. நீளம் சுமார் ஏழரை மைல். நூறு அடிச் சங்கிலியைச் சுமார் 400 தடவை விரித்தால் வரும் தூரம். பைக்கில் போனால் இருபது நிமிஷம். அவருக்கு நாற்பது நாளுக்கு மேல் ஆனது!

ஏன் அவ்வளவு நாள்? சங்கிலியைத் தரையில் போட்டு இழுக்கவில்லை. நீண்ட மரப்பெட்டிகளுக்குள் வைத்து, முக்காலிகளின் மேல் ஏற்றி, மட்டம் பார்த்து, நேர்கோடு பார்த்து, பக்கத்தில் வெப்பமானி வைத்து ஒவ்வொரு தடவையும் வெப்பத்தைக் குறித்தார்கள். எஃகு சூட்டில் நீளும் அல்லவா? நம் பாடத்தில் வரும் கணக்கையே போட்டுப் பாருங்கள். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் நூறு அடி எஃகு சுமார் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். சின்ன விஷயம்தானே என்று தோன்றும். 400 தடவை என்றால் சுமார் 1.4 மீட்டர்! அந்த ஒரு கோட்டை வைத்துத்தான் பிறகு நாடு முழுவதும் முக்கோணம் போகப் போகிறது. ஆரம்பத்தில் விடுகிற பிழை கடைசி வரை கூடவே வரும். அதனால் டெம்பரேச்சர் கரெக்‌ஷன் என்று இனி தேர்வில் கேட்டால், அலுத்துக்கொள்ளாமல் பரங்கிமலை வெயிலை நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

அப்போது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. வாழ்க்கையின் பெரிய வேலையை அவர் தொடங்கியதே அந்த வயதில்தான்.

முக்கோணமும் உயரமும்

மற்ற பிரிவு நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கோட்டின் நீளம் தெரியும். அதன் இரண்டு முனையிலும் நின்று தூரத்தில் உள்ள ஒரு குன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தால், அந்தக் குன்று எவ்வளவு தூரம் என்று நடந்து போகாமலே கணக்கில் வந்துவிடும். இப்போது அந்தப் புதிய பக்கமே அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு. இப்படியே குன்று குன்றாகத் தாவலாம். காடு, ஆறு, பள்ளம் எதுவும் தடை இல்லை.

படுக்கைக் கோணத்தோடு செங்குத்துக் கோணத்தையும் எடுத்தால் உயரமும் கிடைக்கும். தூரத்தை அந்தக் கோணத்தின் டேனால் பெருக்கினால் போதும் என்று பத்தாம் வகுப்பிலேயே படித்தோம். ஆனால் நிஜத்தில் பூமி உருண்டை. காற்றில் ஒளி வளைகிறது. நம் புத்தகத்தில் இரண்டுக்கும் சேர்த்து 0.0673 பெருக்கல் தூரத்தின் வர்க்கம் என்று சூத்திரம் இருக்கிறது. 30 கிலோமீட்டர் தூரத்துக் குன்றுக்கு இதைப் போட்டால் சுமார் 60 மீட்டர் திருத்தம் வருகிறது. கிட்டத்தட்ட இருபது மாடி உயரம்! ஒளி வளைவது காலையில் ஒரு மாதிரி, மதியம் ஒரு மாதிரி மாறும். லாம்டன் இதைக் கவனித்து எழுதி வைத்துக்கொண்டே போனார்.

சென்னையிலிருந்து மங்களூர் வரை அளந்து முடித்தபோது பெரிய உண்மை வெளிவந்தது. இரண்டு கடலுக்கும் இடையே 400 மைல் என்று அன்றைய வரைபடங்கள் காட்டின. உண்மையில் இருந்தது சுமார் 360 மைல்தான். நாற்பது மைல் அகல நிலம் காகிதத்தில் மட்டும் இருந்திருக்கிறது! இடையில் பெங்களூர் அருகே 1804-ல் இன்னொரு அடிக்கோட்டை அளந்து சரிபார்த்தார்கள். பரங்கிமலையிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டு வந்த நீளத்துக்கும், அங்கே சங்கிலியால் அளந்த நீளத்துக்கும் சில அங்குலம்தான் வித்தியாசம்.

தஞ்சாவூரில் விழுந்த கருவி

அதற்குப் பிறகு குமரிமுனையை நோக்கித் தெற்கே வந்தார்கள். காவிரி டெல்டாவில் ஒரு சிக்கல். எங்கு பார்த்தாலும் தென்னையும் வயலும். ஏறி நின்று பார்க்கக் குன்றே இல்லை. கோயில்கள்தான் உயரம். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் மேல் அந்த அரை டன் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். பாதியில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதியது. கோணம் பார்க்கும் பெரிய வட்டம் நெளிந்து போனது.

ஊரே முடிந்தது என்று நினைத்திருக்கும். புதிய கருவி லண்டனிலிருந்து வர வருஷக்கணக்கில் ஆகும். லாம்டன் திருச்சியில் கருவியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கைவினைஞர் சிலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஆப்பும் திருகாணியும் கப்பியும் வைத்து, நெளிந்த வட்டத்தை மயிரிழை மயிரிழையாக இழுத்து நேர்படுத்தினார். ஆறு வாரம் ஆயிற்று. அதே கருவியோடு வேலை தொடர்ந்தது. பொருள் உடைந்தால் தூக்கிப் போடாமல் சரி செய்து ஓட்டுகிற நம்ம ஊர் பட்டறைக்காரர்கள் இதைப் படித்தால் சந்தோஷப்படுவார்கள்.

கடைசி நாள்கள்

தெற்கே குமரிக்கரை வரை முடித்து, பிறகு 78-வது தீர்க்கரேகையை ஒட்டி வடக்கே நகர்ந்தார்கள். புகழ் தாமதமாக வந்தது. 1817-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் உறுப்பினர் ஆனார். 1818-ல் இந்தப் பணி சென்னை அரசிடமிருந்து கவர்னர் ஜெனரலின் நேரடிப் பொறுப்புக்கு மாறி, கிரேட் டிரிக்னாமெட்ரிகல் சர்வே என்ற பெயர் பெற்றது. அதே ஆண்டு ஜார்ஜ் எவரெஸ்ட் என்ற இளைஞர் உதவியாளராகச் சேர்ந்தார்.

லாம்டனுக்கு எழுபதை ஒட்டிய வயது. அப்போதும் கூடாரத்தில்தான் வாழ்க்கை. நாகபுரியை நோக்கிப் போகும் வழியில் 1823 ஜனவரி 20-ஆம் தேதி, இன்றைய மகாராஷ்டிராவில் உள்ள ஹிங்கன்காட் என்னும் ஊரில் இறந்தார். சொந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. கல்லறையும் அங்கேயேதான்.

எவரெஸ்ட் அந்த வேலையைத் தொடர்ந்தார். 1841-ல் கோடு இமயமலை அடிவாரத்தைத் தொட்டது. குமரியிலிருந்து கிட்டத்தட்ட 2,400 கிலோமீட்டர். பதின்ம வயதில் 1831-ல் சர்வேயில் சேர்ந்த ராதாநாத் சிக்தார் என்ற வங்காள இளைஞர் பின்னர் தலைமைக் கணக்காளராக உயர்ந்தார். பதினைந்தாம் எண் சிகரம்தான் உலகிலேயே உயரமானது என்று 1852-ல் கணக்கில் காட்டியவர் அவர்தான். 1856-ல் அறிவித்த உயரம் 29,002 அடி. 2020-ல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்தது 8,848.86 மீட்டர், அதாவது சுமார் 29,032 அடி. முப்பது அடிதான் வித்தியாசம்! சிகரத்துக்கு எவரெஸ்ட் பெயர் வைத்தார்கள். கோட்டைத் தொடங்கிய லாம்டன் பெயர் எந்த மலைக்கும் நிலைக்கவில்லை. கணக்குப் போட்ட சிக்தார் பெயரும் அப்படித்தான்.

பெயர் இல்லாதவர்கள்

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் என் மனசு ஒப்பாது. இந்தச் சர்வே நமக்காக நடந்ததா? இல்லை. கம்பெனியார் நாட்டைப் பிடிக்கவும், வரி வாங்கவும், படை நடத்தவும் வரைபடம் தேவைப்பட்டது. ஊர் ஜனங்கள் இவர்களைச் சந்தேகத்தோடு பார்த்ததில் நியாயம் உண்டு. அரை டன் கருவியைக் குன்று உச்சிக்குச் சுமந்தவர்கள் யார்? கொடி பிடித்தவர்கள், காடு வெட்டியவர்கள், சங்கிலி விரித்தவர்கள், காய்ச்சலில் செத்தவர்கள் யார்? நம்மைப் போன்ற குடும்பத்து ஆட்கள்தான். அவர்கள் தோளில்தான் கணிதம் மலை ஏறியது. அவர்கள் பெயர் எந்த சூத்திரத்திலும் இல்லை. தோள் கொடுத்தவர் வீட்டுப் பிள்ளைகள் இன்றைக்குத் தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கிறோம். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். லெவல் புத்தகத்தில் ரீடிங் எழுதும்போது எனக்கு இது அடிக்கடி நினைவுக்கு வரும்.

அதற்காக லாம்டனின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எஜமானர்கள் போய்விட்டார்கள். அளவு நம்மிடம் இருக்கிறது.

சைபர் எங்கே இருக்கிறது?

உயரம் என்றால் எதிலிருந்து உயரம்? கடல் மட்டத்திலிருந்து. கடல் அலையடித்துக்கொண்டே இருக்கிறதே, மட்டம் எது? கரையில் கருவி வைத்து ஏற்ற இறக்கத்தை வருஷக்கணக்கில் பதிவு செய்து சராசரி எடுப்பார்கள். இந்தியாவின் உயரங்களை ஒன்றாக இணைத்து 1909-ல் முடித்த லெவலிங் வலைக்கு ஒன்பது துறைமுகங்களின் கடல் மட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். கராச்சி, மும்பை, கொச்சி, நாகப்பட்டினம், விசாகப்பட்டினம் என்று போகும் அந்தப் பட்டியலில் நம் சென்னையும் ஒன்று. பஸ்ஸில் ஹார்பர் சுவரைத் தாண்டிப் போகும்போது இனி நினைத்துக்கொள்ளுங்கள். நாடு உயரத்தை எண்ணத் தொடங்கும் சைபரில் நம்ம கடலுக்கும் பங்கு உண்டு!

இன்று வேலை சுலபம். 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் பதினொரு நாள் பூமியைச் சுற்றி ரேடாரால் உலகின் பெரும்பகுதி நிலத்தின் உயரத்தை எடுத்தது. 2005-ல் நம் இஸ்ரோ விட்ட கார்ட்டோசாட்-1 எடுத்த உயரத் தரவு புவன் தளத்தில் கிடைக்கிறது. அதையெல்லாம் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்து பார்க்கலாம். எந்த நிலத்தையும் கோல்ஃப் மைதானமாகச் செய்து விளையாடலாம்.

நானும் எண்ணூர்ப் பக்கத்து விண்கலத் தரவைத் திறந்து பார்த்தேன். அது 30 மீட்டருக்கு ஒரு எண்தான் கொடுக்கிறது. எங்கள் தெரு முழுவதும் சில கட்டத்துக்குள் அடங்கிவிட்டது. ரேடார் கட்டடத்தின் தலையையும் மரத்தின் தலையையும் தரை என்றே எடுத்துக்கொள்ளும். அந்த விண்கலத் திட்டம் வகுத்துக்கொண்ட பிழை வரம்பே 16 மீட்டர். நம்ம பக்கம் தரை கடலைவிடச் சில மீட்டர்தான் உயரம். நம் உயரத்தைவிடப் பிழை பெரியது! மலைநாட்டுக்கு அந்தத் தரவு போதும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று திருவொற்றியூர்த் தெருவில் சொல்ல அது போதாது. அதற்கு லிடார் வேண்டும், அல்லது வெயிலில் லெவல் கருவியும் ஸ்டாஃபும் எடுத்துக்கொண்டு ஒரு ஆள் போய் நிற்க வேண்டும்.

அந்த ஆள் நாம்தான் நண்பர்களே. நாளைக்கு நம்மில் சிலர் ஓவர்சீயராக, சைட் இன்ஜினீயராக, டிராஃப்ட்ஸ்மேனாக ஆவோம். கால்வாய்க்கு லெவல் எடுக்கும் நாளில், வெயிலாக இருக்கிறது, பழைய ரீடிங்கையே எழுதிக்கொள்ளலாம் என்று பக்கத்தில் யாராவது சொல்லுவார்கள். அப்போது ஒற்றைக் கண் கெட்டுப்போன, ஐம்பது வயதை நெருங்கிய அந்த மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். 400 தடவை சங்கிலி விரித்தவர், 400 தடவையும் வெப்பமானியைப் பார்த்தார். நம்முடைய ஒரு தவறான ரீடிங்கால் யாரோ ஒருவரின் வீட்டுக்குள் தண்ணீர் வரும். சரியான ரீடிங்கால் அந்த வீட்டுப் பிள்ளை காய்ந்த தரையில் உட்கார்ந்து படிக்கும்.



– இரண்டாம் ஆண்டு சிவில் மாணவன், திருவொற்றியூர்